முறுக்குறது பெட்ரோலை இல்லை பாஸ்... காற்றை!

ஒரு சின்னக் கேள்வி. சிக்னலில் பச்சை விழுந்ததும் பைக்கின் ஆக்ஸிலரேட்டரை ‘விர்ர்’ரென்று முறுக்குறீங்க. அப்போ என்ன நடக்குது?

“பெட்ரோல் அதிகமா போகுது” என்று சொன்னால், உங்களுக்குப் பாதி மார்க்தான். உங்கள் கையும் சரி, காரில் உங்கள் காலும் சரி, பெட்ரோலைத் தொடுவதே இல்லை. அவை திறப்பது காற்றுக்கான கதவை. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கணக்குப் பார்த்து, அதற்கேற்ப பெட்ரோலைப் பீய்ச்சி அடிப்பது என்ஜினுக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டரின் வேலை.

பெட்ரோல் என்ஜினின் சக்தி, பிக்கப், மைலேஜ் எல்லாவற்றுக்கும் சாவி காற்றிடம்தான் இருக்கு. இதைப் புரிந்துகொண்டால் ரெண்டு லாபம். ஒன்று, ‘த்ராட்டில் பாடியை மாத்துங்க தம்பி, வண்டி பறக்கும்’ என்று யாராவது சொல்லும்போது உங்கள் பாக்கெட் பத்திரமாக இருக்கும். ரெண்டு, வைவாவில் எக்ஸ்டர்னல் முகத்தைப் பார்த்துத் தைரியமாகப் பதில் சொல்லலாம். மெக்கானிக்கல் படிக்காதவங்களும் பயப்படாம வாங்க. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரு மூச்சுக்கு எவ்வளவு?

1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கேட்க சாதாரணமா இருக்கா? லிட்டர் கணக்கில் பாருங்க. 1 லிட்டர் பெட்ரோலை எரிக்க 9,000 லிட்டருக்கு மேல் காற்று தேவை. மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் வாட்டர் டேங்க் ஒன்பதில் அடைக்கும் அளவு! பெட்ரோலை டேங்கில் சுமந்துகொண்டு போகலாம். காற்றைப் போகிற வழியில்தான் இழுத்துக்கணும்.

எவ்வளவு வேகமாக இழுக்கணும்? 155 சிசி பைக் ஒன்று 10,000 ஆர்.பி.எம்.-ல் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை மூச்சு இழுக்கும். ஆக, நிமிஷத்துக்கு 5,000 மூச்சு. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் 3 பங்குதான். நீங்கள் ஒரு தடவை கண் சிமிட்டி முடிப்பதற்குள் அந்த என்ஜின் எட்டு தடவைக்கு மேல் மூச்சு இழுத்திருக்கும். இந்த அவசரத்தில் காற்று ரெண்டு கதவுகளைத் தாண்டியாக வேண்டும். முதல் கதவு த்ராட்டில். ரெண்டாவது கதவு வால்வு. நம்ம கதை முழுக்க இந்த ரெண்டு கதவுகளுக்கு நடுவே நடக்கிற இழுபறிதான்.

முதல் கதவு: வட்டத் தகடு

அப்பா, சித்தப்பா காலத்து வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் வேலை அதனுடையது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதிகள் வந்தபோது, புது பைக்குகளில் அந்த இடத்தை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. இப்போ காற்றுக்குத் தனியே த்ராட்டில் பாடி. அதற்குள் ஒரு வட்டத் தகடு. குறுக்கே ஒரு தண்டு. பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி திரும்புவதால் அதற்கு பட்டர்ஃபிளை என்றே பெயர்.

இந்தப் பட்டாம்பூச்சிக்கு ஒரு வினோத குணம் உண்டு. முழுசாத் திறக்க 90 டிகிரி திரும்பணும். அப்படின்னா 30 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு திறந்திருக்கும்னுதானே நினைப்போம்? இல்லை. சுமார் 13 சதவிகிதம்தான். 60 டிகிரி திரும்பும்போதுதான் சரிபாதி வழி கிடைக்கிறது. 1-லிருந்து காஸ் தீட்டாவைக் கழித்துப் பாருங்க, விடை வந்துடும். ப்ளஸ் டூ-வில் ‘இந்த ட்ரிக்னாமெட்ரி எதுக்கு?’ன்னு புலம்பினோமே, இதுக்குத்தான்!

அடுத்த ஆச்சர்யம் ஐடிலிங்கில். கார் சும்மா நின்று உறுமும்போது தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். வெளியே காற்றின் அழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்றால், தகடுக்குப் பின்னால் இன்டேக் மேனிஃபோல்டில் 30, 35 அளவில்தான் இருக்கும். பின்பக்க அழுத்தம் முன்பக்கத்தில் பாதிக்கும் சற்று மேலே, அதாவது 53 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால், அந்த இடுக்கில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். ஆமாம், டிராஃபிக்கில் நகராமல் நிற்கிற காருக்குள்ளே காற்று ஒலி வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கு!

ஒரு சிரிஞ்ச் எடுங்க...

மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்று வாங்குங்க. சில ரூபாயில் ஒரு என்ஜின் லேப் ரெடி.

சோதனை 1: சிரிஞ்சின் வாயை விரலால் அரைகுறையாக மூடிக்கொண்டு, பிஸ்டனைக் கடைசி வரை இழுங்க. ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே வரும். கை வலிக்கும். விட்டால், கைக்கு எந்த உழைப்பும் திரும்பி வராது. போட்ட சக்தி போனது போனதுதான்.

சோதனை 2: வாயைத் திறந்து வைத்தே பாதி தூரம் இழுங்க. சுலபமா வரும். இப்போ விரலால் இறுக்கி மூடிவிட்டு மீதிப் பாதியை இழுங்க. கஷ்டமாத்தான் இருக்கும். ஆனால், பிஸ்டனை விட்டதும் ‘சட்’டென்று தானே பாதிக்குத் திரும்பி ஓடும். நீங்கள் போட்ட உழைப்பில் பெரும்பகுதியை ஸ்பிரிங் மாதிரி திருப்பிக் கொடுத்துவிட்டது.

ரெண்டிலும் உள்ளே வந்த காற்று குறைவுதான். ஆனால், முதலாவதில் நஷ்டம், இரண்டாவதில் கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்த கணக்கு. இந்த சிரிஞ்ச் மனசில் இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் ஜெர்மனிக்குப் போகும்போது தேவைப்படும்.

முதல் சோதனையில் கை வலித்ததே, அதற்கு என்ஜினீயர்கள் வைத்த பெயர் பம்பிங் லாஸ். காரில் அது எவ்வளவு? 1.2 லிட்டர் கார் ஒன்று 1,500 ஆர்.பி.எம்.-ல் மெதுவாக ஊர்கிறது. உள்ளே வெளியே அழுத்த வித்தியாசம் 60 கிலோபாஸ்கல் என்று வைப்போம். அதை 1.2 லிட்டரால் பெருக்கினால் 72 ஜூல். நிமிஷத்துக்கு 750 தடவை, அதாவது வினாடிக்கு 12.5 தடவை. பெருக்கிப் பாருங்க: 900 வாட்! உங்க வீட்டு இஸ்திரிப் பெட்டியை என்ஜினுக்குள் ஓட விட்ட மாதிரி. அந்தச் சின்னக் கார் சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, சக்கரத்துக்குத் தேவைப்படுவது சுமார் 2 கிலோவாட்தான். அப்படியிருக்கும்போது, மூச்சுத் திணறலுக்கே ஒரு கிலோவாட் அழுகிறோம். ஊருக்குள் மைலேஜ் ஏன் கடிக்குதுன்னு இப்போ புரியுதா?

டீசல் வண்டிக்காரர்கள் இங்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். டீசல் என்ஜினில் சக்தியைக் குறைக்கக் காற்றை அடைப்பதில்லை. டீசலை மட்டும் குறைப்பார்கள். டீசல் மைலேஜுக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது கதவு: வால்வு

த்ராட்டிலைத் தாண்டிய காற்று வந்து நிற்கும் இடம் இன்டேக் வால்வு. கேம் ஷாஃப்ட்டில் இருக்கும் முட்டை வடிவ மேடு வந்து தள்ளும்போது வால்வு கீழே இறங்கித் திறக்கும். எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறதோ, அதுதான் லிஃப்ட்.

லிஃப்ட் கூடக்கூட காற்று கூடிக்கொண்டே போகுமா? அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. வால்வைச் சுற்றி ஒரு திரைச்சீலை தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்க. காற்று அந்தத் திரை வழியாகத்தான் வரணும். திரையின் பரப்பு, பை பெருக்கல் விட்டம் பெருக்கல் லிஃப்ட். வால்வு வட்டத்தின் பரப்போ, பை பெருக்கல் விட்டத்தின் வர்க்கம் வகுத்தல் 4. ரெண்டும் சமமாகும் இடம் எது? லிஃப்ட், விட்டத்தில் கால் பங்கு ஆகும்போது. 32 மில்லிமீட்டர் வால்வுக்கு 8 மில்லிமீட்டர். அதற்கு மேல் தூக்கினாலும் காற்றை அடைப்பது பின்னால் இருக்கும் போர்ட்தானே தவிர, வால்வு இல்லை. வாசல் கதவை எவ்வளவு அகலமாத் திறந்தாலும், நடை சின்னதா இருந்தா கூட்டம் அங்கே நிற்கும் இல்லையா?

சரி, எல்லா வண்டிக்கும் அந்த முழு லிஃப்ட்டையே கொடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அதிக ஆர்.பி.எம்.-ல் நேரம் போதாது என்பதால், வால்வு உயரமாகத் திறந்து, பிஸ்டன் கீழே போய்த் திரும்பின பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கணும். வேகமாக வரும் காற்று, கல்யாணப் பந்தியில் கடைசி நேரத்தில் முட்டிக்கொண்டு நுழையும் கூட்டம் மாதிரி, தன் வேகத்திலேயே உள்ளே புகுந்துவிடும். ஆனால், அதே அமைப்பு குறைந்த ஆர்.பி.எம்.-ல் காலை வாரிவிடும். காற்றுக்கு அந்த வேகம் இல்லையே! மேலே வரும் பிஸ்டன், வந்த காற்றைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். இழுவை போச்சு, ஐடிலிங் நடுங்குது.

ஆக, கேம் ஷாஃப்ட்டை வடிவமைப்பவர் ஊருக்குள் ஓட்டவா, ரேஸ் டிராக்கில் ஓட்டவா என்று ஒரு முடிவுக்கு வந்தாகணும். பல வருஷம் எல்லோரும் நடுவில் ஒரு சமரசம் செய்துகொண்டு காலம் தள்ளினார்கள்.

ஒரே என்ஜினில் இரண்டு மனசு

சமரசம் வேண்டாம் என்று சொன்னவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் ஹோண்டா நிறுவனத்து என்ஜினீயர் இகுவோ கஜிதானி. புது என்ஜினுக்கு லிட்டருக்கு 90 குதிரைசக்தி என்று இலக்கு பேசப்பட்டபோது, ஹோண்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்த நொபுஹிகோ கவாமோட்டோ, ‘ஏன், 100 என்று வைத்துப் பார்க்கலாமே’ என்று ஏற்றிவிட்டார். 1989-ல் இன்டெக்ரா காரில் வந்தது விடெக். 1.6 லிட்டர், 160 குதிரைசக்தி. டர்போ கிடையாது!

தந்திரம் என்ன? ஒரு சிலிண்டரின் ரெண்டு இன்டேக் வால்வுகளுக்கு மூன்று கேம் மேடுகள். ஓரத்து ரெண்டும் சாந்த சொரூபம். நடுவில் இருப்பது முரட்டு ஆசாமி. குறைந்த ஆர்.பி.எம்.-ல் ஓரத்து மேடுகள் வால்வைத் திறக்கும். நடு மேடு சும்மா காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஆர்.பி.எம். ஏறியதும் ஆயில் அழுத்தத்தால் ஒரு பின் நகர்ந்து, மூன்று ராக்கர் ஆர்ம்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அந்த நொடி முதல் முரட்டு மேடு சொல்வதுதான் சட்டம். லிஃப்ட்டும் கூடும், வால்வு திறந்திருக்கும் நேரமும் கூடும்.

உங்கள் காலேஜ் பார்க்கிங்கிலேயே இதன் தம்பி நிற்கிறான். 2018-ல் இந்தியாவுக்கு வந்த மூன்றாவது தலைமுறை யமஹா ஆர்15-ல் விவிஏ என்று ஸ்டிக்கர் பார்த்திருப்பீங்க. அங்கேயும் ரெண்டு இன்டேக் கேம். 7,400 ஆர்.பி.எம். வரை சின்னது. அதைத் தாண்டினால் ஒரு சொலினாய்டு பின்னைத் தள்ளி, பெரிய கேமைக் கோர்த்துவிடும். 155 சிசி-யில் அடியில் இழுவையும் உச்சியில் பாய்ச்சலும் சேர்ந்து வருவது இதனால்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிச்சீங்களா? விடெக்கோ, விவிஏ-வோ, ரெண்டிலும் சக்தியைக் கூட்டிக் குறைப்பது இன்னும் அதே பழைய பட்டாம்பூச்சிதான். இஸ்திரிப் பெட்டி நஷ்டம் அப்படியேதான் இருக்கு.

முதல் கதவைக் கழற்றி வைத்த ஜெர்மானியர்கள்

இப்போ அந்த சிரிஞ்சின் ரெண்டாவது சோதனைக்கு வருவோம். முதல் கதவை விரியத் திறந்துவிட்டு, தேவையான அளவு காற்று வந்ததும் ரெண்டாவது கதவை இறுக்கி மூடிவிட்டால்? பம்பிங் லாஸ் குறையுமே!

இதைப் பெருமளவில் தயாரித்துச் சாலைக்குக் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ. 2001-ல் 316டிஐ காம்பாக்ட் காரின் 1.8 லிட்டர் என்ஜினில் அறிமுகமான வால்வ்ட்ரானிக். கேம் ஷாஃப்ட்டுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு கூடுதல் நெம்புகோல். அதன் சாய்மானத்தை ஒரு மின்மோட்டார் மாற்றும். சாய்மானம் மாறினால் லிஃப்ட் மாறும். ரெண்டே படிகள் இல்லை. கிட்டத்தட்ட பூஜ்ஜியத்திலிருந்து 9.7 மில்லிமீட்டர் வரை எந்த அளவும் கிடைக்கும். லிஃப்ட் குறையும்போது வால்வு சீக்கிரமே மூடியும் விடுகிறது. அதுதான் உங்கள் விரல் இறுக்கி மூடிய அந்தக் கணம்.

நீங்கள் காலை அழுத்தும்போது அந்தக் காரில் திறப்பது வால்வுதான், வட்டத் தகடு இல்லை. இதனால் சுமார் 10 சதவிகிதம் எரிபொருள் மிச்சம் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. இன்னொரு போனஸ்: சின்ன இடுக்கு வழியே காற்று சீறிப் பாய்வதால் பெட்ரோலும் நன்றாகக் கலக்கிறது.

‘அப்போ த்ராட்டில் பாடியைத் தூக்கிப் போட்டுட்டாங்களா?’ என்று கேட்டால், இல்லை. அது அங்கேயேதான் இருக்கு. வால்வ்ட்ரானிக் மக்கர் பண்ணினால் காப்பாற்ற, இன்னும் சில சில்லறை வேலைகளுக்கு. சாதாரண ஓட்டத்தில் அது விரியத் திறந்து கிடக்கும். இங்கே ஒரு சுவாரஸ்யமான தலைவலியும் வந்தது. காரின் பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்கிறதே, அதற்கு உதவுவது மேனிஃபோல்டில் இருக்கும் வாக்குவம். பட்டாம்பூச்சி மூடாவிட்டால் வாக்குவம் ஏது? அதனால் பிரேக்குக்கென்றே தனியாக ஒரு வாக்குவம் பம்ப் வைக்க வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் நஷ்டமாக இருந்தது இன்னோரிடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பது, அதை எடுத்தபிறகுதான் கண்ணில் படும்!

பிஎம்டபிள்யூ-வைப் பார்த்து மற்றவர்களும் களத்தில் குதித்தார்கள். 2007-ல் டொயோட்டாவின் வால்வ்மேட்டிக், அதே வருஷம் நிஸானின் விவிஇஎல், 2009-ல் ஆயில் அழுத்தத்தால் வால்வை ஆட்டுவிக்கும் ஃபியட்டின் மல்ட்டிஏர். பிஎம்டபிள்யூ-வின் இந்தியத் தொழிற்சாலை 2007 முதல் இயங்குவது நம்ம செங்கல்பட்டுப் பக்கம், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில்.

அதே கம்பெனி, நேர் எதிர் வழி

இனிதான் ட்விஸ்ட். வால்வ்ட்ரானிக்கைக் கொண்டாடிய அதே பிஎம்டபிள்யூ, தன் வேகப்புலியான எம்3 காரில் அதை வைக்கவில்லை. 2000-ல் வந்த எம்3-யின் 3.2 லிட்டர் என்ஜினில் ஆறு சிலிண்டருக்கு ஆறு தனித்தனி த்ராட்டில் பாடிகள். 2007-ல் வந்த அடுத்த எம்3-யின் 4 லிட்டர் வி8-ல் எட்டு! பட்டாம்பூச்சியே வேண்டாம் என்ற வீட்டில் பட்டாம்பூச்சிக் கூட்டம்.

ஏன்? அந்த வி8 தன் உச்ச சக்தியை எட்டுவது 8,300 ஆர்.பி.எம்.-ல். அந்த வேகத்தில் வால்வ்ட்ரானிக்கின் கூடுதல் நெம்புகோல், ஸ்பிரிங் எல்லாமே சுமை. இன்னொரு காரணம் அவசரம். சாதாரண காரில் ஒரே த்ராட்டில், அதற்குப் பின்னால் சில லிட்டர் கொள்ளளவுள்ள மேனிஃபோல்டு. தகடு திறந்ததும் முதலில் அந்த இடம் நிறையணும், பிறகுதான் சிலிண்டர். தனித்தனி த்ராட்டில் வால்வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் நிறைக்க வேண்டிய இடம் கொஞ்சம்தான். கால் அசைந்ததும் என்ஜின் அசையும். விலை? செலவு அதிகம், எல்லாத் தகடுகளும் ஒரே அளவில் திறக்கும்படி ஒத்திசைக்கும் வேலையும் அதிகம்.

மைலேஜ் வேண்டும் என்றால் ஒரு கதவு, உடனடிப் பாய்ச்சல் வேண்டும் என்றால் இன்னொரு கதவு. ‘எது பெஸ்ட்?’ என்று கேட்பவரிடம் ‘எதுக்கு?’ என்று திருப்பிக் கேட்பவர்தான் என்ஜினீயர்.

பெரிய த்ராட்டில் போட்டா பவர் ஏறுமா?

இப்போ உங்கள் பாக்கெட் விஷயம். 155 சிசி பைக்கில் 28 மில்லிமீட்டர் த்ராட்டில் பாடி இருக்கிறது என்று வைப்போம். ‘34 போடலாம் மச்சி’ என்கிறான் நண்பன். போடலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

10,000 ஆர்.பி.எம்.-ல் அந்த என்ஜின் வினாடிக்கு சுமார் 13 லிட்டர் காற்றை இழுக்கும். 28 மில்லிமீட்டர் துளை வழியே சராசரி வேகம் வினாடிக்கு 21 மீட்டர். மூச்சு இழுப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் என்பதால் அந்த நேரத்தில் 63 மீட்டர். ஒலியின் வேகம் 340-க்கு மேல். எங்கேயோ இருக்கு இல்லையா? அந்த வேகத்தில் துளையில் குறையும் அழுத்தம் ரெண்டு சதவிகிதத்துக்குச் சற்று மேல். 34 போட்டால் அது சுமார் ஒரு சதவிகிதமாகும். ஆகக்கூடி நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய லாபமும் ஒரு சதவிகிதம்தான். 19 குதிரையில் அது ஒரு குதிரையின் வால் அளவுகூட இல்லை!

‘ஆனா, போட்டவன் வண்டி செமையா சீறுதே’ன்னு கேப்பீங்க. அந்தச் சீற்றம் நிஜம். பரப்பளவு 47 சதவிகிதம் கூடிவிட்டதால், கையை அதே 30 டிகிரி முறுக்கும்போது முன்பைவிட அதிகக் காற்று போகிறது. கொஞ்சம் முறுக்கினாலே முன்பு கூடுதலாக முறுக்கியபோது கிடைத்த பலன் கிடைப்பதால் பவர் ஏறின மாதிரி ஒரு ஃபீலிங். முழுசா முறுக்கினால் ரெண்டு வண்டியும் ஒண்ணுதான். இதைவிட மோசம், ஈசியூ-வுக்கு இந்த மாற்றம் தெரியாது. தகடு இவ்வளவு திறந்தால் இவ்வளவு காற்று என்ற பழைய கணக்கிலேயே பெட்ரோலை அளந்தால், கலவை மெலிந்து என்ஜின் சூடாகும். வாரன்டிக்கும் டாட்டா சொல்லணும்.

விதி எளிது: வழியில் எது மிகவும் குறுகலோ, அதைப் பெரிதாக்கினால்தான் காற்று கூடும். மற்றதைப் பெரிதாக்கினால் பில் மட்டும்தான் கூடும்.

20 மில்லிமீட்டரில் ஒரு வருஷ உழைப்பு

இந்த விதியை ரத்தமும் சதையுமாகப் பார்க்கணுமா? கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போங்க. இந்தியா முழுக்க இருந்து காலேஜ் பசங்க தாங்களே டிசைன் பண்ணி, வெல்டு பண்ணி, கட்டின ரேஸ் காரோடு வந்து இறங்குவாங்க. வகுப்பைத் தியாகம் பண்ணி, ஸ்பான்சர் தேடி அலைந்து, ராத்திரி முழுக்க வொர்க்‌ஷாப்பில் கிடந்து, ஒரு வருஷத்தைக் கொட்டியிருப்பாங்க.

அங்கே பெட்ரோல் கார்களுக்கு ஒரு கறார் விதி: 710 சிசி வரை என்ஜின் இருக்கலாம். ஆனால், என்ஜினுக்குள் போகும் மொத்தக் காற்றும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போகணும். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான். டர்போ இல்லாத காரில் வரிசை இப்படி: முதலில் த்ராட்டில், அடுத்து துளை, பிறகு என்ஜின்.

அந்தத் துளையில் காற்று ஒலி வேகத்தைத் தொட்டதும் கதவு அடைபட்ட மாதிரிதான். வினாடிக்கு சுமார் 74 கிராம். அதற்கு மேல் ஒரு கிராம்கூடப் போகாது. என்ஜின் எவ்வளவு கதறினாலும் சரி. 14.7-ஆல் வகுத்தால் வினாடிக்கு 5 கிராம் பெட்ரோல். போட்டியின் பவருக்கு அதுதான் கூரை.

துளைக்கு முன்னால் 40 மில்லிமீட்டர் த்ராட்டில் பாடி வைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எடையும் செலவும் கூடும், அவ்வளவுதான்.

இன்னொரு நுட்பமும் இருக்கு. பல அணிகள் 373 சிசி-யின் ஒற்றை சிலிண்டர் பைக் என்ஜினை வைப்பாங்க. 9,500 ஆர்.பி.எம்.-ல் அதற்குச் சராசரியாக வினாடிக்கு 35 கிராம் காற்று போதும். 74-ல் பாதிகூட இல்லையே, கவலை எதுக்கு? கவலை இருக்கு. ஒற்றை சிலிண்டர் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் மூச்சு இழுக்கும். அந்த நேரத்துக்குள் அதன் பசி வினாடிக்கு 100 கிராமைத் தாண்டிவிடும். துளை 74-ல் கையை விரித்துவிடும். தீர்வு, துளைக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு காற்றுக் கூடம், அதாவது பிளீனம். என்ஜின் இழுக்காத நேரத்தில் அது நிரம்பும், இழுக்கும்போது வாரி வழங்கும். தண்ணி எப்பவும் மெல்லிசா வந்தாலும் தொட்டி இருந்தா வாளி வாளியா மொண்டு குளிக்கலாமே, அதே ஐடியா. ரொம்பப் பெரிய தொட்டி வைத்தாலோ, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அது நிறையும் வரை கார் யோசிக்கும். எவ்வளவு லிட்டர் என்ற அந்த ஒரு எண்ணில் ஒரு வருஷ உழைப்பு நிற்கும், விழும்.

எலெக்ட்ரிக் வந்தாச்சே, இது எதுக்கு?

நியாயமான கேள்வி. மின்வண்டியில் வால்வும் இல்லை, த்ராட்டில் பாடியும் இல்லை. ஆனால் ஹைபிரிட் கார்களின் போனட்டைத் திறந்து பாருங்க. 1997-ல் வந்த டொயோட்டா ப்ரியஸ் முதல் 2022-ல் இந்தியாவில் இறங்கிய ஹைரைடர் வரை, அட்கின்சன் பாணி என்ஜின்களில் இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது. வேண்டாத காற்றைத் திருப்பி அனுப்பி, பம்பிங் லாஸைக் குறைக்கும் அதே சிரிஞ்ச் புத்திதான்.

அதைவிட முக்கியம், இங்கே கற்றுக்கொள்வது என்ஜினை மட்டும் இல்லை. பேட்டரி சூடாகாமல் இருக்க ஓடும் குளிர்விப்புத் திரவமாக இருந்தாலும், ஏசி டக்டாக இருந்தாலும், ‘வழியில் குறுகல் எங்கே, சக்தி எங்கே வீணாகுது’ என்ற கேள்வி மாறப்போவதில்லை.

வைவாவில் கேட்டால்...

த்ராட்டில் இருக்கும்போது வால்வு லிஃப்ட்டை ஏன் மாற்றணும்? விடெக் மாதிரி படி மாறும் முறை, எல்லா ஆர்.பி.எம்.-லும் நன்றாக மூச்சு இழுக்க. வால்வ்ட்ரானிக் மாதிரி தொடர்ந்து மாறும் முறை, அதோடு த்ராட்டிலின் வேலையையே எடுத்துக்கொண்டு பம்பிங் லாஸைக் குறைக்க.

லிஃப்ட் கூட்டினால் காற்று கூடிக்கொண்டே போகுமா? வால்வு விட்டத்தில் கால் பங்கு வரைதான் பெரிய பலன். பிறகு போர்ட்தான் எல்லை.

ஐடிலிங்கைவிட முழு த்ராட்டிலில் பம்பிங் லாஸ் கூடுமா? தகடு விரியத் திறந்திருப்பதால், ஒரு மூச்சுக்கான பம்பிங் லாஸ் அங்கே குறைவு. மூடி வைத்து ஓட்டும்போதுதான் அதிகம்.

அடுத்த தடவை சிக்னலில் நிற்கும்போது என்ஜின் சத்தத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. விரலிடுக்கில் மூச்சு வாங்குகிற சிரிஞ்ச் சத்தம் கேட்கும். சிவப்பு விளக்கு ரொம்ப நேரம்னா, ஆஃப் பண்ணிடுங்க பாஸ். இஸ்திரிப் பெட்டியும் அணையும், பெட்ரோல் காசும் மிஞ்சும்!